பூவோடு வந்தவர்கள்

மூடிக் கிடந்த பஞ்சாலைக்குப் பின்னால், முதலாளியின் பங்களாவை இடித்த பிறகு மிஞ்சிய நிலத்தில், ஆள் உயரச் சுவரும் ஒரே ஒரு இரும்பு கேட்டுமாக இருந்த அந்தச் சின்னப் பூங்காவில் பதினொரு புங்கமரங்கள் நின்றன. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் அவை பழைய இலையெல்லாம் கொட்டி, எண்ணெய் தடவினாற்போலப் புது இலை விட்டு, அடுத்த வாரமே பதினொன்றும் ஒன்றாகப் பூத்தன. பூத்த அன்று சாயங்காலம் உள்ளே போனவர்கள் நாற்பத்திரண்டு பேர், வெளியே வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். மறுநாள் போனவர்கள் அறுபது, வந்தவர்கள் அறுபத்தொன்று. அதற்கு மறுநாளும் அப்படியே.

கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரி பாப்பாத்திதான் இதைக் கண்டவள். பூட்டுகிற நேரத்தில் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஓர் ஆள் உள்ளே போனால் ஒரு புளியங்கொட்டையைப் போசிப் பாத்திரத்தில் போடுவாள், ஓர் ஆள் வெளியே வந்தால் ஒன்றை எடுத்துவிடுவாள். அந்தப் பங்குனியில் தினமும் கடைசி ஆள் வெளியே வரும்போது போசி காலியாக இருந்தது.

அந்தப் பகுதி ஜனங்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒருவர் கூடுதலாக வருகிறார், வந்தவர் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறார் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் தம் வீட்டில் யாரும் புதிது இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் தண்டபாணிக்கு ஓர் அண்ணன் வந்தார், அந்த அண்ணனோடு நாற்பது வருஷமாகச் சேர்ந்து பல் விளக்குவதாகத் தண்டபாணி நினைத்தார். டீக்கடை மயில்சாமிக்கு இரண்டாவதாக ஒரு மருமகள் வந்தாள், அவள் முதல் நாளே மாமியாரோடு பழைய சண்டை ஒன்றைத் தொடர்ந்தாள். வந்தவர்களுக்குப் பீரோவில் சட்டை இருந்தது, பாத்ரூமில் பிரஷ் இருந்தது, ரேஷன் கார்டில் பெயர் இருந்தது. ஆதார் அட்டைகூட ஓரம் மடங்கிப் பழசாகத்தான் இருந்தது. கூட ஒரு ஆள் இருந்தால் நல்லதுதானே என்று பேசிக்கொண்டு, மேலும் மேலும் ஜனங்கள் பூப் பார்க்கப் போனார்கள், ஏனென்றால் உள்ளே அவ்வளவு அமைதியாக இருந்தது. பஸ் சத்தம் சுவரோடு நின்றது, காக்கைகூடக் கரையவில்லை, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ பொரிபோல உதிரும் சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

கேட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அம்சவேணி மட்டும் பயந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். புங்கம்பூ வாடை பட்டாலே நெஞ்சு அடைக்கும், அதனால் அவள் அந்தக் கேட்டைத் தாண்டியதே இல்லை. கடை திறந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருந்தவள் கண்ணெதிரே, ஆறு பேராகப் போன குடும்பம் ஏழு பேராக வெளியே வந்து, ஏழு பேரும் ஒன்றாக ஐஸ்கிரீம் வாங்கித் தின்றபடி வீட்டுக்குப் போனது. மறுநாள் அந்த ஏழாவது ஆளின் அட்டையை நகல் எடுக்கக் கொண்டுவந்தார்கள். அவள் அதை ஓரத்தில் மட்டும் பிடித்துக் கண்ணாடி மேல் கவிழ்த்தாள்.

பூத்த ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்சவேணியின் கணவன் குழந்தைவேலு, பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மிதுனாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான். அவள் கடை வாசலிலேயே நின்றாள். ஆறு மணிக்கு அவர்கள் வெளியே வந்தபோது மிதுனாவின் ஒரு கையை அவன் பிடித்திருந்தான். இன்னொரு கையை இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிடித்திருந்தாள். நீலப் புடவை, குழந்தைவேலுவின் அதே அகன்ற நெற்றி. தலையில் நாலைந்து பூ.

"கடையச் சாத்தலாங்களா அண்ணி? மூஞ்செல்லாம் வேர்த்துக் கெடக்குது" என்றாள் அந்தப் பெண்.

"யாருங்க இவங்க?" என்று அம்சவேணி கணவனைக் கேட்டாள்.

குழந்தைவேலு சிரித்தான். "வீசிங் வந்தா தலைக்கும் ஏறிக்குமா அம்சா? என்ற தங்கச்சி வசுமதியத் தெரியலையா உனக்கு?"

"அம்மா வெளையாடறாங்க அத்தை" என்றாள் மிதுனா.

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். குழந்தைவேலு கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத ஒற்றைப் பிள்ளை. நாத்தனார் முடிச்சுப் போட ஆளில்லாமல் அவனுடைய பெரியப்பா மகளைத்தான் உடுமலையிலிருந்து வரவழைத்தார்கள், அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆல்பத்தில் அவள் கழுத்துக்குப் பின்னால் குனிந்து மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது வசுமதி. பத்து வருஷம் இளையவளாக, நெற்றியில் வேர்வையோடு.

வசுமதி கெட்டவளாக இருந்திருந்தால் பயம் இவ்வளவு வளர்ந்திருக்காது. அவள் விடிந்ததும் தூதுவளை பறித்து வந்து ரசம் வைத்து அண்ணிக்குக் கொடுத்தாள். மிதுனாவுக்குத் தலை பின்னினாள். அண்ணன் சட்டைக் காலரில் படிந்த கிரீஸ் கறையை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்சவேணி அந்த ரசத்தை வாங்கிக் குடித்தாள், அது நெஞ்சுக்கு இதமாக இறங்கியது. இதமாக இறங்க இறங்க அவள் பயம் கூடியது. மகளை அவளோடு தனியாக விடாமல் இருப்பதற்காக ஒரு நாளைக்கு நாலு தடவை கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஒரு மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பாப்பாத்தியிடம் போனாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்காளுங்கக்கா."

பாப்பாத்தி போசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ உள்ள போகலியல்ல? அதான் உனக்குத் தெரியுது. போயிறாத கண்ணு."

"இவங்கெல்லாம் யாரு? எங்கிருந்து வர்றாங்க?"

"அது யாருக்குத் தெரியும். வர்றது பெருசில்ல. போறதுதான்." பாப்பாத்தி கேட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன வருசம் ரெண்டே ரெண்டு மரந்தான் பூத்துது. நாலு பேர் கூடுதலா வந்தாங்க. அப்ப எனக்குக் கால் ஒடஞ்சு கட்டுப் போட்டு இந்த ஸ்டூல்லயே கெடந்தேன், எனக்குப் பதிலா என்ற வீட்டுக்காரருதான் உள்ள கூட்டிப் பெருக்குனாரு. கடைசிப் பூ உழுந்த அன்னைக்கு, மரத்தடில இருந்த நாலு பேரைக் காணோம். மூணு பேர் அப்படி வந்தவங்க. நாலாவது அவரு. தொடப்பம் அங்கயே கெடந்துது."

அம்சவேணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த கணக்குக்குத் திருப்பி எடுத்துக்குது. வந்தவங்களையேதான் எடுக்கும்னு இல்ல, அன்னைக்கு அடியில யாரு இருக்காங்களோ அவங்கள. உள்ள போய் வந்த ஒருத்தருக்கும் அவரு நெனப்பில்ல. நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே அப்பா தவறிட்டாருன்னு என்ற பையனே சொல்றான். என்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய் மாத்திரை வாங்கிக் குடுத்தான். கழுத்துல எதுக்கும்மா இன்னும் தாலின்னு கேக்கறான்."

"அப்புறமும் எப்படிக்கா இங்கயே உக்காந்திருக்கீங்க?"

"எங்கிருந்தோ இத்தனை பேர் வர்றாங்களே, அவரும் ஒரு நாள் யாரு வீட்டு ஆளாவோ வந்துட்டா? நான் ஒருத்திதான அடையாளம் கண்டுபுடிக்க முடியும்."

அன்று சாயங்காலமே அம்சவேணி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னாள். யாரும் கோபப்படவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. தலைவர் தண்டபாணி, பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருசம் நாலு பேர் காணாமப் போனாங்கங்கறீங்க. எந்த வீட்லயாச்சும் ஆள் கொறையுதா? எல்லாரும் கை தூக்கிச் சொல்லுங்க." ஒரு கையும் உயரவில்லை. கூட்டத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினார்கள். ஆனாலும் அவள் மனது நோகக் கூடாது என்று, பூக்காலத்தில் குழந்தைகளைப் பெரியவர்கள் துணையோடு அழைத்து வரவும் என ஒரு போர்டு எழுதி கேட்டுக்கு உள்ளே மாட்டுவதாக முடிவு செய்தார்கள். மறுநாள் போர்டும் வந்தது. அதை மாட்ட உள்ளே போனவர்கள் மூன்று பேர், மாட்டிவிட்டு வந்தவர்கள் நாலு பேர்.

மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று அம்சவேணி கணவனிடம் கெஞ்சினாள். "முழுப்பரிச்சை நடக்குது அம்சா. முடியட்டும், நானே கொண்டுபோய் உடறேன்" என்றான் அவன். பூ குறையக் குறைய அவள் சோறு குறைந்தது. காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய், சுவருக்கு மேல் தெரியும் பதினொரு தலைகளில் வெள்ளை எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதே வேலையாயிற்று.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் துணி காயப்போட வந்த வசுமதி வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கண்டா உங்களுக்குப் பயமுங்களா அண்ணி?"

அம்சவேணி ஓர் அடி தள்ளி நின்றாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகமிருக்குங்கண்ணி. அண்ணன் என்னைய சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போய் வாய்க்கால்ல தள்ளி உட்டது, எங்கம்மா செத்தன்னைக்கு நீங்க என்ற தலையில எண்ணெய் வெச்சு உட்டது, எல்லாம். ஆனா உங்க கண்ணப் பாக்கறப்ப அதுல ஒண்ணுமே நடக்கலைன்னு தெரியுது. உங்க கண்ணுல நான் இல்லவே இல்ல." அவள் கையிலிருந்த ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பூங்காப் பக்கம் நடக்கவே பயமா இருக்குங்கண்ணி. அது என்னையத் திருப்பிக் கேக்கும்னு தோணுது."

பதினெட்டு நாளாகத் தன் வீட்டில் தான் மட்டும்தான் பயந்துகொண்டிருப்பதாக அம்சவேணி நினைத்திருந்தாள். இப்போது எதிரில் நின்றவளின் உதடு நடுங்குவதைப் பார்த்தாள். துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.

இருபத்தாறாம் நாள், சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, எந்த வீட்டிலும் யாரும் யாரையும் கூப்பிடாமலேயே, கோயிலுக்குப் போகிறவர்கள்போல நல்ல துணி உடுத்திக்கொண்டு ஜனங்கள் பூங்காவுக்கு வரத் தொடங்கினார்கள். பாப்பாத்தி கொட்டை போட்டுப் போட்டுக் கை சலித்தாள். கடைக்குப் பேப்பர் கட்டு கொண்டுவந்து கொடுத்த வசுமதியும் அம்சவேணியும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

கேட்டுக்கு மிக அருகிலிருந்த முதல் மரத்தடி பெஞ்சில் டீக்கடை மயில்சாமியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கிளை நுனியில் ஒட்டியிருந்த கடைசிப் பூ சுற்றிச் சுற்றி இறங்கித் தரையைத் தொட்டது. மயில்சாமி பெஞ்சில் இல்லை. அவர் மனைவி எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, பூ நன்றாக இருந்தது என்கிற முகத்தோடு கேட்டுக்கு வெளியே வந்து வீட்டுப்பக்கம் நடந்தாள்.

இரண்டாவது மரத்தில் தண்டபாணியின் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும். மூன்றாவதில் ஒரு காலேஜ் பெண். யாரும் கத்தவில்லை. கத்தியது அம்சவேணி ஒருத்திதான், அவள் கத்தியது சுவரைத் தாண்டவில்லை.

அப்போதுதான் மிதுனா படிக்கும் பள்ளிக்கூடத்து மஞ்சள் சீருடை தெரிந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த சந்தோஷத்துக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை டீச்சர் பூப் பார்க்கக் கூட்டி வந்திருந்தார். அம்சவேணி கடைக்குள் குனிந்து பேப்பர் அடுக்கியபோது அவர்கள் உள்ளே போயிருந்தார்கள். இப்போது கோடியில், பதினொன்றாவது மரத்தடியில், வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு மரத்தில்தான் இன்னும் கொஞ்சம் வெள்ளை அடர்ந்திருந்தது.

அம்சவேணி போனை எடுத்துப் பட்டறைக்கு அடித்தாள். "பாப்பா உள்ள இருக்கறா" என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. கேட்டை நோக்கி ஓடியவளுக்கு மூச்சு அடைத்து, கம்பியைப் பிடித்துக் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நான் போறனுங்கண்ணி" என்றாள் வசுமதி.

அவள் முகம் சாம்பலாக இருந்தது. போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அம்சவேணி பின்னால் பல தடவை நினைத்ததுண்டு. அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: இவள் போகட்டும், எடுத்தால் இவளை எடுத்துக்கொள்ளட்டும். வசுமதி செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். பாப்பாத்தி ஒரு கொட்டையைப் போட்டாள்.

நாலாவது மரம், ஐந்தாவது, ஆறாவது. வசுமதி கோடிக்குப் போய்ப் பிள்ளைகளை எழுப்பித் தள்ளுவது தெரிந்தது. டீச்சர் புரியாமல் பார்த்தார், பிறகு பிள்ளைகள் இரண்டு இரண்டாக வரத் தொடங்கினார்கள். மிதுனா வரவில்லை. பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, விழும் பூவைத் தரையில் படாமல் பிடிக்க மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். இழுத்த அத்தையின் கையை உதறினாள்.

குழந்தைவேலு பைக்கைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். கையில் கிரீஸ்கூடக் கழுவாமல் வந்திருந்தான். அம்சவேணி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீங்க போகாதீங்க. நான் போறேன்."

"மூச்சு உட முடியல, நீ எங்க போவ." அவன் உள்ளே பார்த்தான். எட்டாவது மரத்தடியில் நின்றிருந்த ஒருவர் இல்லாமல் போவதை அவனும் பார்த்தான், பார்த்த மாதிரியே தெரியவில்லை. "நீ சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல அம்சா. ஆனா நீ இப்படி நடுங்கி நான் பாத்ததில்ல. நீ இங்கயே நில்லு. ஒருவேளை நீ சொல்றதே நெசமா இருந்தா, ஒருத்தருக்காச்சும் நெனப்பிருக்கணுமல்ல."

அவள் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உள்ளே ஓடினான்.

பத்தாவது மரம் மொட்டையாகிவிட்டது. கோடி மரத்தடியில் அவன் மகளை இடுப்போடு தூக்கி வசுமதியின் கையில் கொடுப்பதும், அவளை முதுகில் தள்ளுவதும் அம்சவேணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. வசுமதி பிள்ளையோடு நிழலைத் தாண்டி நாலு எட்டு வைத்தாள். அவனும் திரும்பினான், கேட்டில் நின்ற மனைவியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பின்னால் ஒரு பூ விழுந்தது.

அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தும், அவன் எந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போனான் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பாவாடை நிறையப் பூவோடு மிதுனா வெளியே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வசுமதி வந்தாள்.

"கடையச் சாத்தலாங்களா அக்கா?" என்றாள்.

அம்சவேணி அவளைப் பார்த்தாள். அண்ணி என்று கூப்பிட்டவள் அக்கா என்கிறாள். "சித்தி என்னைய மரத்துக்கிட்டயே உடலம்மா" என்று மிதுனா சிணுங்கினாள்.

பாப்பாத்தி போசியைக் கீழே வைத்தாள். வெளியே வராதவர்களுக்காக அதில் மிச்சமிருந்த கொட்டைகளை எண்ணவில்லை, எழுந்து வந்து அம்சவேணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஜனங்கள் பேசிச் சிரித்தபடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மயில்சாமியின் மனைவி டீக்கடையைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தாள், ரொம்ப வருஷமாகத் தனியாகவே கடை நடத்துகிறவளைப்போல.

"இதாரு வண்டிம்மா, நம்ம கடை முன்னாடி?" என்று கேட்டாள் மிதுனா.

"உங்கப்பாவுது" என்றாள் அம்சவேணி.

பிள்ளை சித்தியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அம்சவேணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹேண்டிலைப் பிடித்து, வீட்டை நோக்கித் தள்ளத் தொடங்கினாள். தள்ளிக்கொண்டே மகளுக்குச் சொன்னாள்: அவர் எவ்வளவு உயரம், லேத்தில் சிக்கி நகம் போன கட்டைவிரல் எந்தக் கையில், கோபம் வந்தால் எந்தக் காதைச் சொறிவார், நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை டீ குடித்தார். மூச்சு வாங்கிய இடத்தில் நின்றாள், மறுபடி சொன்னாள். ஒன்றை விட்டால் அது போய்விடும் என்று பயந்து, முன்னே சொன்னதையே திரும்பவும் சொன்னாள். மிதுனா யாரோ ஒரு ராஜாவின் கதையைக் கேட்கிறதுபோல வாய் திறந்து கேட்டுக்கொண்டு நடந்தாள்.

பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்த வசுமதி நின்றுவிட்டாள். வண்டி கனத்தது.

"அக்கா, அப்போ நான் யாருக்கா?"

அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். எடுத்தால் இவளை எடுத்துக்கொள்ளட்டும் என்று தான் நினைத்தது இவளுக்குத் தெரியுமோ என்று ஒரு கணம் தேடினாள். அந்த அகன்ற நெற்றியில் பூத்தூள் ஒட்டியிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"நீ அவரோட தங்கச்சி" என்றாள். "தள்ளு வசு. மேடு வருது."